தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாடகைக்கு விட பழைய வீடு வாங்கறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பில்டிங்கை எப்படி பார்க்கணும், வாங்கின பிறகு எப்படி பராமரிக்கணும் – முழுமையான வழிகாட்டி

ஓசூர்ல கம்பெனிங்க பெருகிட்டே இருக்கு, பர்கூர் சிப்காட், போச்சம்பள்ளினு வேலைக்கு வர்றவங்க கூட்டம் கூடிட்டே போகுது, தர்மபுரி டவுன்லயும் மெடிக்கல் காலேஜ், கலெக்டர் ஆபீஸ்னு வாடகைக்கு ஆள் இருக்காங்க. அதனால புதுசா கட்டுறதுக்கு பதிலா ஏற்கனவே குடித்தனம் இருக்கற லைன் வீடு, காம்பவுண்ட் வீடு, ரெண்டு மாடி வீடுனு வாங்கிப் போடலாம்னு நிறைய பேர் இறங்கறாங்க. நல்ல யோசனைதான். ஆனா நான் பார்த்த வரைக்கும் 30 வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா எல்லாம் வக்கீல்கிட்ட கொடுத்து மாசக்கணக்கா பார்க்கறவங்க, அந்த பில்டிங்கை மட்டும் ஹால்ல உக்காந்து டீ குடிக்கற நேரத்துல பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுத்துடறாங்க.

நம்ம பக்கத்து வாடகை வீட்டுல வர்ற வாடகையை திங்கறது மூணே விஷயம்தாங்க. மேல்தளம், தண்ணி, செப்டிக் டேங்க். வாசப்படி, டைல்ஸ், கிச்சன் கப்போர்டு எல்லாம் அப்புறம். இந்த மூணும் சரியா இருக்கற அசிங்கமான வீட்டை தாராளமா வாங்கலாம், இந்த மூணும் கெட்டுப்போன அழகான வீட்டை வாங்காதீங்க. இந்த வழிகாட்டி முழுக்க இதை வச்சுதான் போகும்.

படி 1: எப்ப போறது, யார்கிட்ட பேசறது

ஒரு தடவை பார்த்தா பத்தாது. மழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை, நல்ல வெயில் காலத்துல ஒரு தடவை பார்க்க முடிஞ்சா ரொம்ப நல்லது, ஏன்னா தளம் ஒழுகறது ஐப்பசியில தெரியும், போர்ல தண்ணி இல்லாதது சித்திரையில தெரியும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுன்னா குறைஞ்சது காலையில ஒரு வாட்டியும் சாயந்தரம் எல்லாரும் வேலை விட்டு வந்த நேரத்துல ஒரு வாட்டியும் போங்க. சாயந்தரம் போனாத்தான் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது, வோல்டேஜ் எப்படி இருக்கு, பாத்ரூம் தண்ணி எங்க போய் தேங்குதுன்னு கண்ணுல படும்.

ஓனர், புரோக்கர் ரெண்டு பேரும் பக்கத்துல இல்லாதப்ப குடியிருக்கறவங்ககிட்ட பேசுங்க. "அக்கா, தண்ணி எப்படிங்க வருது, வெயில் காலத்துல லாரி தண்ணி வாங்குவீங்களா"ன்னு மரியாதையா கேட்டா போதும், எந்த மூலையில ஒழுகும், எந்த மாசம் டாய்லெட் அடைக்கும்னு ஒண்ணு விடாம சொல்லிடுவாங்க. எந்த இன்ஜினியர் ரிப்போர்ட்லயும் இது கிடைக்காது. அப்படியே அவங்க மாச வாடகைக்கு இருக்காங்களா லீஸுக்கு இருக்காங்களான்னும் கேட்டுக்கோங்க. ஓசூர் பக்கம் லட்சக்கணக்குல பணம் கொடுத்துட்டு வாடகை இல்லாம லீஸுக்கு இருக்கறது சகஜம், அந்தப் பணத்தை யார் திருப்பிக் கொடுக்கறதுன்னு அக்ரிமெண்ட்லயே எழுதலைன்னா உங்க தலையில வந்து விழும்.

கையில நல்ல டார்ச் லைட், சின்ன சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், டேப், தண்ணி புடிக்க சுத்தமான ரெண்டு லிட்டர் பாட்டில். ஒரு அனுபவமான மேஸ்திரியை கூட்டிட்டுப் போங்க. புரோக்கர் கூட்டிட்டு வர்ற மேஸ்திரி வேணாம், உங்க ஆள். அவருக்கு அன்னைக்கு கூலியைக் கொடுத்துடுங்க, "வேலை உங்களுக்கே தர்றேன்"னு சொல்லி கூட்டிட்டுப் போகாதீங்க, அப்படி போனா இல்லாத வேலையும் இருக்கற மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

படி 2: வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி சுத்தி நடங்க

2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழையில ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கிட்ட கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஏரி நிரம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டிங்களையே தண்ணி அடிச்சுட்டுப் போச்சு. நம்ம ரெண்டு மாவட்டமும் வறண்ட பூமின்னுதான் பேரு, ஆனா ஏரியில இருந்து ஏரிக்கு தண்ணி போற பழைய வாய்க்கால் மேலயும் ஏரிக்கு கீழயும் நிறைய மனைங்க போட்டிருக்காங்க. பத்து வருஷம் ஒண்ணும் ஆகாது, பதினோராவது வருஷம் ஹால்ல முழங்கால் தண்ணி நிக்கும்.

அதனால எஃப்.எம்.பி. (சர்வே நம்பரோட எல்லை, அளவு காட்டற) வரைபடத்தை எடுத்து பக்கத்து சர்வே நம்பர்ல ஓடை, வாய்க்கால், ஏரி புறம்போக்கு இருக்கான்னு பாருங்க. தெருவுல நடந்து பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர்ல தண்ணி நின்ன கறை இருக்கான்னு பாருங்க, விக்கற வீட்டுல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க, பக்கத்து வீட்டுல அடிச்சிருக்க மாட்டாங்க. ரோட்டைவிட வீட்டு தரை பள்ளமா இருக்கான்னும் பாருங்க. ரோடு போடும்போதெல்லாம் பழசை சுரண்டாம மேலயே போட்டு போட்டு, ஒரு காலத்துல மூணு படி ஏறிப் போன வீடு இன்னைக்கு ஒரு படி இறங்கிப் போற மாதிரி ஆயிடுது.

இன்னொண்ணு கல் குவாரி. கிருஷ்ணகிரி, தர்மபுரி சுத்துவட்டாரத்துல கருங்கல் குவாரி நிறைய. பக்கத்துல வெடி வைக்கற குவாரி இருந்தா ஜன்னல் அதிருதான்னு அக்கம்பக்கத்துல கேளுங்க. நீங்க விரிசலை பூச பூச அது திரும்ப திரும்ப வந்துட்டே இருக்கும், அதுக்கு வீட்டுக்குள்ள மருந்து கிடையாது.

படி 3: மேல்தளம் – இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணனும்

முதல்ல மாடிக்கு ஏறுங்க, அப்புறம்தான் வீட்டுக்குள்ள. நம்ம பக்கம் நாலு விதமான தளம் வரும்.

சாதா காங்கிரீட் தளம்னா, மாடிப்படி ரூம் கதவுல நின்னு நிலைப்படியை பாருங்க. மாடி தரையில இருந்து நிலைப்படி கொஞ்சமாவது உயரமா இருக்கணும். அது தரையோட தரையா இருந்தாலோ, கதவோட அடிப்பக்கம் அறுத்து விட்டிருந்தாலோ, ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டை (மாடியில பதிக்கற ஓடு) பேக்காம அது மேலயே இன்னொரு வரிசை போட்டிருக்காங்கன்னு அர்த்தம். கைப்பிடி சுவரும் இடுப்புக்கு கீழ குட்டையா தெரியும். இப்படி ரெண்டு மூணு வரிசை ஏத்தினா ஒழுகல் நிக்காது, தளத்து மேல சும்மா பாரம்தான் ஏறும். அப்புறம் மழைத்தண்ணி போற ஓட்டை எத்தனை இருக்கு, தண்ணி அதை நோக்கி ஓடுதா, எங்கயாவது தேங்கின பாசி கறை இருக்கா, கைப்பிடி சுவர் சந்துல அரச மரக்கன்னு முளைச்சிருக்கான்னு பாருங்க. அரசங்கன்னை மேல வெட்டினா போதாது, வேர் சுவருக்குள்ள இருந்துட்டு திரும்ப தழைக்கும், அந்த இடத்தை உடைச்சு வேரோட எடுத்துட்டுதான் பூசணும்.

இப்ப அதே இடத்துக்கு கீழ வந்து சீலிங்கை பாருங்க. பாத்ரூம், கிச்சன், சன்ஷேடு அடிப்பக்கம், தண்ணி டேங்குக்கு நேர் கீழ. பழுப்பு கோடு கம்பி போற நேர்ல தெரிஞ்சா உள்ள துரு பிடிக்குது. சுத்தியலால மெதுவா தட்டிப் பாருங்க, நல்ல காங்கிரீட் கணீர்னு கேக்கும், விட்டுப்போனது பொத்துனு கேக்கும். கம்பி துரு பிடிச்சா பல மடங்கு ஊதும், அந்த ஊதல்தான் காங்கிரீட்டை கீழ தள்ளுது. இதுக்கு மேல வெறும் சிமெண்ட் பூசறது சுத்த வேஸ்ட், ஒரு மழைக்காலம் தாண்டாது. விட்ட காங்கிரீட்டை முழுக்க கொத்தி எடுத்து, கம்பியை ஒயர் பிரஷ் போட்டு தேய்ச்சு, துரு தடுப்பு அடிச்சு, பாலிமர் கலந்த மார்ட்டர்ல கட்டணும். கம்பியே மெலிஞ்சு போயிருந்தா மேஸ்திரி வேலை இல்லைங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்கணும்.

பழைய வீட்டுல ஹால்ல மட்டும் புதுசா பி.ஓ.பி. சீலிங் போட்டிருந்தா, கழட்டிப் பார்க்க ஓனர் ஒத்துக்கலைன்னாலும் லைட் மாட்டியிருக்கற வட்டத்தை இறக்கி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. அதுகூட வேணாம்னு சொன்னா அந்த வீட்டை விட்டுடுங்க.

அடுத்தது கருங்கல் பலகை போட்ட தளம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து பழைய வீடுங்கள்ல இது உண்டு, கோடையில உள்ள குளுகுளுன்னு இருக்கும், நல்லா இருந்தா தலைமுறை தாண்டி நிக்கும். ஆனா கல்லுக்குள்ள கம்பி கிடையாது, காங்கிரீட் மாதிரி தொங்கி, விரிசல் விட்டு, நமக்கு அவகாசம் கொடுத்து உடையாது, உடைஞ்சா ஒரே நேரத்துல உடையும். அதனால ஒவ்வொரு பலகையோட அடியிலயும் டார்ச்சை சாய்ச்சு அடிச்சு, குறுக்கா முடி மாதிரி கோடு ஓடுதான்னு பாருங்க. கோடு இருந்தா அந்த பலகைக்கு அடியில இரும்பு கர்டர் கொடுக்கற செலவை கணக்குல சேர்த்துக்கோங்க. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கற சந்துதான் ஒழுகும், அதை சுரண்டி திரும்ப அடைச்சா சரியாயிடும், அது சின்ன வேலைதான். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கல் பலகை தளத்து மேல இன்னொரு மாடி கட்டி வாடகையை டபுள் பண்ணலாம்ங்கற நெனப்பே வேணாம்.

மெட்ராஸ் ஒட்டு தளம்னா (மரச்சட்டம் மேல செங்கல் அடுக்கிப் போட்ட பழைய தளம்) மரச்சட்டம் சுவருக்குள்ள போற முனைதான் முதல்ல உளுத்துப்போகும், ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பார்த்து தெரிஞ்சுக்கோங்க. சிமெண்ட் சீட்டுனா ஆணி, போல்ட் பக்கம் ஒழுகல், பிளவு, அப்புறம் வெயில். அந்த பழைய சீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், குடித்தனம் இருக்கும்போது அதுல டிரில் போடறது, உடைக்கறது வேணாம், அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது.

காங்கிரீட் தளத்துல சந்தேகம் இருந்தா ஓட்டையெல்லாம் அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு கீழ ஈரம் வருதான்னு பார்க்கறது வழக்கம். சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் ஏறும்ங்கறதால ஏற்கனவே கம்பி தெரியற தளம், கல் பலகை, மரத்தளம் இதுல எல்லாம் இந்த டெஸ்ட் கூடாது.

படி 4: விரிசல், ஓதம், கரையான்

எல்லா விரிசலும் பயப்பட வேண்டியது இல்லை. பூச்சுல வலை மாதிரி முடி முடியா ஓடறது பூச்சு காய்ஞ்சது, விடுங்க. மேல் தளமும் சுவரும் சேர்ற இடத்துல படுக்கையா ஒரு கோடு ஓடுதுன்னா தளம் வெயில்ல விரிஞ்சு சுருங்கறது, ஒழுகாம அடைச்சா போதும். பில்லருக்கும் செங்கல் சுவருக்கும் நடுவுல நேரா இறங்கற கோடும் பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆனா ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஓடறது, செங்கல் வரிசையில படிக்கட்டு மாதிரி இறங்கறது, பில்லர்லயே நெடுக்க வர்றது, ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல தெரியறது, இதுங்க அஸ்திவாரம் இறங்குது இல்லைன்னா கம்பி துரு பிடிக்குதுன்னு அர்த்தம். நம்ம பக்கம் பாறை மேலயே கிடக்கற இடத்துல அஸ்திவாரம் கெட்டியா இருக்கும், ஆனா ஒரே வீடு பாதி பாறையிலயும் பாதி நிரப்பின மண்ணுலயும் உக்காந்திருந்தா மண்ணுல இருக்கற பாதி மட்டும் இறங்கும். கறுப்பு மண் இருக்கற இடத்துல மழையில உப்பி வெயில்ல சுருங்கி வருஷா வருஷம் விரிசல் வாய் திறந்து மூடும்.

விரிசல் நின்னுபோனதா இன்னும் ஓடுதான்னு தெரிஞ்சுக்க, ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதிட்டு வந்து, பேச்சுவார்த்தை நடக்கற அந்த ஒண்ணு ரெண்டு மாசத்துல திரும்ப போய் பாருங்க.

மாடிங்களை எண்ணுங்க. பிளான் அப்ரூவல்ல தரைத்தளம் மட்டும் இருந்து, மேல ரெண்டு மாடி நிக்குதுன்னா அது சட்டப் பிரச்சனை மட்டும் இல்லைங்க. ஒரு மாடிக்குனு போட்ட ஒன்பது இஞ்ச் சுவர், பில்லர் இல்லாம மூணு மாடியை தாங்கிட்டு இருக்கலாம். கீழ் வீட்டுல பில்லர் எங்க இருக்குன்னு காட்ட சொல்லுங்க.

ஓதம் ஏறறது தரையில இருந்து மூணு நாலு அடி உயரம் வரைக்கும் பூச்சு பொரிஞ்சு, வெள்ளையா உப்பு பூத்து தெரியும். இதை மறைக்க ஹால் சுவர்ல நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டறாங்க. பாத்ரூம்ல டைல்ஸ் சரி, பெட்ரூம் சுவர்ல எதுக்கு? அந்த டைல்ஸுக்கு மேல் விளிம்புல கையை வச்சு தடவுங்க, பெயிண்ட் பொடிப்பொடியா உதிர்ந்தா ஈரம் டைல்ஸைத் தாண்டி மேல ஏறிடுச்சு. ஓசூர்ல உயரமும் குளிரும் சேர்ந்து மழைக்காலத்துல காய்றதுக்கு நாளாகும், பூசணம் புடிச்ச ரூம்ல குழந்தை இருக்கற குடும்பம் நிக்காது.

கரையானுக்கு நிலை அடிப்பக்கம், பரண், ஸ்விட்ச் போர்டு பின்னாடி மண் கோடு இருக்கான்னு பாருங்க, ஸ்க்ரூ டிரைவர் நிலைக்குள்ள சுலபமா இறங்கினா நிலை மாத்தணும். சுவர் ஓரமா துளை போட்டு மருந்து இறக்கறது நல்லாவே வேலை செய்யும், இதுக்காக ஒரு நல்ல வீட்டை விட வேணாம்.

படி 5: தண்ணி

போர் எத்தனை அடின்னு கேட்டா எல்லாரும் பெருமையா சொல்லுவாங்க. ஆழம் முக்கியம் இல்லைங்க, எவ்வளவு நேரம் விடாம தண்ணி வருதுங்கறதுதான் முக்கியம். மோட்டாரைப் போட்டு டேங்க் எத்தனை நிமிஷத்துல நிரம்புதுன்னு பாருங்க, நடுவுல காத்து வாங்கி துப்பித் துப்பி வந்தா போர் வத்திட்டு இருக்கு. கம்ப்ரசர் போட்டு எடுக்கற போர்னா தண்ணி குறைவுன்னு ஏற்கனவே ஒத்துக்கிட்ட மாதிரிதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல வேணும்னு வச்சுக்கிட்டு, ஆறு வீட்டுல 20 பேர் இருந்தா தினம் 2,000 லிட்டருக்கு குறையாம வருதான்னு கணக்குப் போடுங்க. வரலைன்னா கோடையில லாரித் தண்ணி காசு வாடகையில இருந்துதான் போகும்.

அடுத்தது ஃப்ளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுமே நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகமா இருக்கற மாவட்டம், அதனாலதான் ஜப்பான் நிதி உதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்து 2013ல தொடங்குச்சு. குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும்தான் நல்லது, வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது. அதைத் தாண்டி வருஷக்கணக்கா குடிச்சா குழந்தைங்க பல்லு பழுப்பாகும், பெரியவங்களுக்கு எலும்பு, மூட்டு எல்லாம் இறுகும். நிறைய பேர் தண்ணில மொத்தமா எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற சின்ன டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்துட்டு தண்ணி நல்லா இருக்குன்னு சொல்றாங்க, அந்த மீட்டர்ல ஃப்ளோரைடு தெரியவே தெரியாது. கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி சுண்டறதால இன்னும் அதிகம்தான் ஆகும். பாட்டில்ல புடிச்சு குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல கொடுத்து ஃப்ளோரைடு, கடினத்தன்மை ரெண்டும் பார்க்க சொல்லுங்க. நம்ம வீட்டுக்கு குடி வர்ற குழந்தை குடிக்கப்போற தண்ணி இது, வாடகை வீடுதானேன்னு விடக்கூடாத விஷயம். ஒகேனக்கல் தண்ணி பைப் வீட்டுக்கு வருதா, வந்தா எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு கேளுங்க, அதுக்குன்னு தனி சம்ப், தனி குழாய் இருந்தா அந்த வீட்டுக்கு கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். போர் தண்ணியை அதுல கலக்கற மாதிரி ஒரே டேங்க் வச்சிருந்தா பிரிக்கற செலவை எழுதிக்கோங்க.

உப்புத்தண்ணி எவ்வளவு தின்னிருக்குன்னு குழாய் முனை, ஷவர், ஃப்ளஷ் டேங்க் உள்பக்கம் பார்த்தாலே தெரியும். பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப் சுவருக்குள்ள போயிருந்தா உள்ள உப்பு கட்டி விரல் நுழையாத அளவுக்கு அடைச்சிருக்கும். மேல் மாடி குழாயையும் கீழ் குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விட்டு மேல தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க.

படி 6: செப்டிக் டேங்க்

ரெண்டு குடித்தனத்துக்கு கட்டின டேங்க்ல இன்னைக்கு எட்டு குடித்தனம் விட்டிருப்பாங்க. டேங்க் எங்க இருக்கு, மூடி எங்க இருக்குன்னு ஓனரை காட்ட சொல்லுங்க, "இங்கதாங்க எங்கயோ"ன்னு இழுத்தா மூடி மேல சிமெண்ட் போட்டு மூடியிருக்காங்க, லாரி வந்தா உடைச்சுதான் எடுக்கணும். கடைசியா லாரி எப்ப வந்துச்சுன்னு கேளுங்க. சாதாரணமா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும், ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை லாரி கூப்பிடறாங்கன்னா ஒண்ணு டேங்க் சின்னது, இல்லைன்னா அடியில பாறை இருக்கறதால தண்ணி ஊறி இறங்கவே மாட்டேங்குது. பாறை இருக்கற இடத்துல புதுசா இன்னொரு உறை இறக்கினாலும் பிரயோஜனம் குறைவு.

டேங்குக்கும் போருக்கும் நடுவுல 50 அடியாவது வேணும்னு சொல்லுவாங்க, 30க்கு 40 மனையில அது நடக்காத காரியம், அதனாலேயே அந்த போர் தண்ணியை குடிக்க விடாதீங்க. அப்புறம் இதை அழுத்தியே சொல்றேன், என்ன அடைப்பு வந்தாலும் ஆளை உள்ள இறக்கக் கூடாது. 2013ம் வருஷ சட்டப்படி அது குற்றம், அதைவிட முக்கியம், உள்ள இருக்கற விஷ வாயு ஒரு நிமிஷத்துல உயிரை எடுத்துடும். மெஷின் லாரி மட்டும்தான்.

படி 7: கரண்ட்

மீட்டர் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி சர்வீஸ் இருந்தா ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கும், சண்டையும் வராது. ஒரே மீட்டர்ல ஆறு வீட்டுக்கு சப் மீட்டர் போட்டிருந்தா யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும், அந்த பில்லை பிரிக்கறதுக்குள்ள மாசாமாசம் பஞ்சாயத்துதான். பழைய பில் நிலுவை இருக்கான்னு சர்வீஸ் நம்பரை வச்சு பார்த்துடுங்க.

எர்த் ரொம்ப முக்கியம். பாறை நிலத்துல எர்த் குழி காய்ஞ்சு கிடந்தா எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். எலக்ட்ரீசியனை வச்சு அளந்து பாருங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற பிரேக்கர்) இல்லாத வீட்டை வாடகைக்கு விடாதீங்க, ஈரக்கையோட ஹீட்டர் போடறப்ப உயிரைக் காப்பாத்தறது அதுதான். பேச்சிலர் பசங்க இருக்கற ரூம்ல இண்டக்ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர்னு எல்லாம் ஒரே பிளக்ல ஓடும், பழைய ஒயர் அதை தாங்காது, பிளக் கறுத்து உருகியிருக்கான்னு பார்த்தா தெரிஞ்சுடும்.

படி 8: விலையில கழிக்கறது

பார்த்ததை எல்லாம் மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீசியன்கிட்ட தனித்தனியா எஸ்டிமேட் வாங்கி எழுதுங்க. ஒரு உதாரணம். ஆறு வீடு, ஒவ்வொண்ணும் 4,000 வாடகை, விலை 45 லட்சம்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 2,88,000 வரும், 6.4 சதவீதம்னு புரோக்கர் சொல்லுவாரு. சராசரியா ஒரு மாசம் காலியா கிடக்கும்னு 24,000 கழிங்க, வீட்டு வரி, மோட்டார் கரண்ட், சின்ன ரிப்பேர்னு 30,000 கழிங்க, மிச்சம் 2,34,000. செலவுப் பக்கம் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு 4,05,000, தளம், பைப், ஒயரிங் ரிப்பேர் 6 லட்சம்னா உங்க கைக்காசு மொத்தம் 55,05,000. இப்ப கணக்குப் போட்டா 4.25 சதவீதம்தான் நிக்குது. ரிப்பேர் 6 லட்சத்தை விலையில குறைச்சு கேக்கறதுக்கு எஸ்டிமேட் பேப்பர் கையில இருக்கணும், வாய்ல சொன்னா யாரும் குறைக்க மாட்டாங்க. வருமான வரியில வாடகைக்கு 30 சதவீதம் நேர் கழிவு கிடைக்கும், நீங்க நிஜமா எவ்வளவு ரிப்பேர் பண்ணாலும் அதுக்கு மேல கழிக்க முடியாது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

படி 9: வாங்கின பிறகு எந்த வேலையை முதல்ல பண்றது

நிறைய பேர் கிரயம் ஆன கையோட பெயிண்ட் அடிக்கறாங்க. பெயிண்ட் கடைசி. முதல்ல கரண்ட்ல உயிர் ஆபத்து இருக்கறது, ரெண்டாவது மேல்தளம், மூணாவது கழிவு பைப், செப்டிக், நாலாவது தண்ணி பைப், அப்புறம் சுவர் பூச்சு நல்லா காயவிட்டு பெயிண்ட். தளம் ஒழுகும்போது உள்ள அடிக்கற பெயிண்ட் காசு அத்தனையும் வீண். ஒரே நேரத்துல எல்லா வீட்டையும் காலி பண்ண வைக்காதீங்க, ஒவ்வொரு வீடா முடிச்சு பக்கத்துல இருக்கறவங்களை அதுல மாத்தி விட்டு வேலை பார்த்தா வாடகையும் நிக்காது, பழைய நல்ல குடித்தனமும் போகாது.

வருஷ பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்லை. வைகாசியில ஒரு தடவை, புரட்டாசி கடைசியில ஒரு தடவை மாடியைக் கூட்டி மழைத்தண்ணி ஓட்டையை சுத்தம் பண்ணுங்க, மழைநீர் சேகரிப்பு குழியில மண்ணை வாருங்க. சம்ப், டேங்க் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கழுவுங்க. ஆர்.சி.சி.பி.ல இருக்கற டெஸ்ட் பட்டனை வாடகை வாங்கப் போறப்ப ஒரு அழுத்து அழுத்தி விழுதான்னு பாருங்க. ஒரு மாச வாடகையை வருஷா வருஷம் தனியா எடுத்து வச்சுட்டா மோட்டார் எரிஞ்சாலும் தளம் பேத்தாலும் கடன் வாங்க வேண்டியதில்லை.

படி 10: எது உங்க செலவு, எது குடியிருக்கறவங்க செலவு

2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கற தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதை பிரிச்சு சொல்லுது. கட்டிடத்தோட பெரிய ரிப்பேர், வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது, ஒயரிங் இதெல்லாம் ஓனர் செலவு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைஞ்ச கண்ணாடி, வாஷ்பேசின் மாதிரி தினப் புழக்கத்துல தேயறது குடியிருக்கறவங்க செலவு. சண்டை எவ்வளவு வந்தாலும் தண்ணியையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. அட்வான்ஸ் வேற மாதிரி பேசி எழுதலைன்னா மூணு மாச வாடகைதான். ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணிடுங்க.

சாவி கொடுக்கற அன்னைக்கே ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஒவ்வொரு ரூமையும் போன்ல வீடியோ எடுத்து ஒருத்தருக்கொருத்தர் வாட்ஸ்அப்ல அனுப்பிக்கோங்க. மீட்டர் ரீடிங், குழாய், ஃபேன், நிலை, ஏற்கனவே இருக்கற கீறல் எல்லாம் அதுல வரணும். காலி பண்ற அன்னைக்கு அதே வீடியோவைப் போட்டு பார்த்துட்டு, கழிக்க வேண்டியதை கழிச்சு, மிச்ச அட்வான்ஸை அன்னைக்கே கையில கொடுத்து அனுப்புங்க.